ஈரத்துக்குக் கழித்த நேரம்

பன்னிரண்டு பிழை சேர்ந்தால் வேலை போய்விடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எலிசாளின் பெயருக்கு நேரே சுவர்ப் பலகையில் பதினொன்று என்று எழுதியிருந்தது.

2003ஆம் வருஷம். கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம். இங்கிலாந்தில் ஓடும் பந்தய நாய்களின் பழைய ஓட்டங்கள் ஃபேக்ஸில் வரும். ஓர் ஓட்டத்துக்கு ஒரு வரி. எந்தப் பெட்டியிலிருந்து கிளம்பியது, வளைவுகளில் எத்தனையாவதாக வந்தது, எத்தனையாவதாக முடித்தது, எத்தனை நாய் நீளம் வித்தியாசம், ஜெயித்த நாயின் நேரம், தரை எப்படி இருந்தது, கடைசியில் அந்த நாய்க்குக் கணக்கிட்ட நேரம். பந்தயம் கட்டுகிறவர்கள் இதைப் படித்துத்தான் நாயைத் தேர்ந்தெடுப்பார்களாம். இங்கே யாரும் படிப்பதில்லை. அடிப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒத்துப்போகாத கட்டம் திரையில் சிவக்கும். சூப்பர்வைசர் மஹேஷ் தாளைப் பார்த்து யார் சரி என்று சொல்வார். தாளே மை கலங்கிக் கிடந்தால், வேகமாக அடிக்கிறவர் அடித்ததுதான் சரி. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. எலிசாளின் ஜோடி மலையாளத்துப் பையன் பிபின். அந்த அறையில் அவனை மிஞ்சின விரல் கிடையாது. அதனால் கலங்கின எண்ணெல்லாம் அவள் தலையில் விழுந்தது.

வேலை போனால் ஊருக்கு, போனக்காடு எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறி, அம்மாவோடு தேயிலைக் கொழுந்து கிள்ள நிற்க வேண்டியதுதான். அவள் ஏறுவதாக இல்லை. மூன்று வாரமாக, குப்பைக்குப் போகிற தாள்களை எடுத்து வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள்.

“எடீ, நாய்க்கு ஜாதகம் நோக்குவா நீ?” என்று பிபின் சிரித்தான். “நம்பர் கண்டா அடிக்கணும். அவ்வளவேயுள்ளு.”

“நீ அடி. நான் பாக்குறேன்.”

தெளிவான வரிகளை வைத்துக் கலங்கின வரிகளைப் பிடித்தாள். பின்தங்கிய ஒவ்வொரு நாய் நீளத்துக்கும் விநாடியில் நூற்றில் எட்டுப் பங்கு கூட்டுகிறார்கள். அது பிடிபட்டது. ஆனாலும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ‘கணக்கிட்ட நேரம்’ பல வரிகளில் உதைத்தது. தரைக்கான கட்டத்தில் கழித்தல் குறி இருந்தால், ஜெயித்த நாய்க்கே நேரம் குறைந்திருந்தது. ஓடி முடித்த நேரத்தை எப்படிக் குறைப்பார்கள்? போன ஞாயிறு ஊருக்குப் போனபோது மழை. எடை போடும் இடத்தில் அம்மாவின் கூடையை நிறுத்துவிட்டு, ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தார்கள். அம்மா முணுமுணுத்தாள். எலிசாள் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரத்தரையில் தாமதமாக ஓடிய நாய்க்கும் அதே கழிவுதான்.

இப்போது, மூன்றரை மணிக்கு, திரையில் ஒரு கட்டம் சிவந்தது. முடித்த இடம்: பிபின் நாலு என்று அடித்திருந்தான், அவள் ஒன்று. தாளில் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கீறல்தான் இருந்தது.

“என்ன எலிசாள், மறுபடியும் சிவப்பா?” மஹேஷ் கரமனை அக்ரஹாரத்துக்காரர், கோபத்திலும் குரல் உயர்த்தாதவர். “நாலு மணிக்கு ஃபைல் போயாகணும். பிபின் போட்டதையே வச்சுண்டுடறேன்.”

“அதைத் தொடாதீங்க சார். அந்த நாய் ஜெயிச்சிருக்கு.”

“நீ போய்ப் பாத்தியோ?”

பிபின் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஜெயிச்ச நேரம் இருபத்தொம்பது புள்ளி அறுபது. தரை ஈரம், புள்ளி இருபது கழிக்கணும். இருபத்தொம்பது புள்ளி நாப்பது வரும். கடைசிக் கட்டத்தைப் பாருங்க, நாப்பதுதான். வித்தியாசம் ரெண்டு நீளம். தோத்திருந்தா பதினாறு கூடி அம்பத்தாறு ஆயிருக்கணும்.”

மஹேஷ் கால்குலேட்டரை எடுத்தார். இரண்டு தடவை போட்டார். பிறகு வேறு ஒரு தெளிவான வரியை எடுத்துப் போட்டார். அதுவும் ஒத்து வந்தது.

“சரி, ஒத்துக்கறேன். ஒண்ணுன்னே இருக்கட்டும்.”

“பழைய பதினொண்ணு?”

“அந்த ஃபைலெல்லாம் போயாச்சும்மா.”

“ஃபைலு போகட்டும் சார். பிழை எம்பேர்லதான இருக்கு.” பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். தாள் எண், வரி எண் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. “நாலு என் தப்பு, பாக்காம அடிச்சேன். ரெண்டு எனக்கும் தெரியல, கடைசிக் கட்டமும் கலங்கிருச்சு. அஞ்சு பிபினோடது.”

“சாரே, இது சதியாணு,” என்றான் பிபின். சிரிப்பு போயிருந்தது.

மஹேஷ் முதலில் ஃபைலை அனுப்பினார். பிறகு அவள் எடுத்து வைத்திருந்த அந்த ஐந்து தாள்களையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒவ்வொரு வரியாகக் கணக்குப் போட்டார். எழுந்து பலகைக்குப் போனார். பதினொன்றை அழித்து ஆறு என்று எழுதினார். பிபின் பெயருக்கு நேரே என்றைக்கும் இருந்த சைபரை அழித்தார். ஐந்தும் இன்றையதும் சேர்த்து ஆறு.

“இனிமே கலங்கின எண் வந்தா கடைசிக் கட்டத்தைப் பாருங்கோ, வேகத்தை இல்லை,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

பிபின் பலகையைப் பார்த்தான். நாற்காலியை அவள் பக்கம் உருட்டினான்.

“எடீ, அந்த ஈரத்தின்றெ காரியம் ஒரு தடவகூடி சொல்லு.”

“நாளைக்குச் சோறு திங்கையில கேளு,” என்று எலிசாள் அடுத்த தாளை எடுத்தாள். “இப்ப அடி. மெதுவா.”