மிஷின் பேசிய மொழி

அமுதவல்லியின் மகள் பிரியதர்ஷினிக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. ஒன்றரை வயதில் ஒருமுறை 'அம்மா' என்றாள். பிறகு அதையும் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். சுனாமியில் பயந்துதான் குழந்தைக்கு வாய் அடைத்துவிட்டது என்று மரக்காணத்தில் அவர்கள் தெருவே சொன்னது. அலை வருவதற்கு முந்தைய வருஷமும் அவள் இப்படித்தான் இருந்தாள் என்பது அமுதவல்லிக்குத் தெரியும். ஆனாலும் அவள் மறுத்துப் பேசவில்லை. பயத்தால் வந்தது என்றால் பயம் தெளியும்போது போய்விடும் அல்லவா? அந்த நினைப்பை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

கணவன் திருமுருகன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரர்கள் நடத்தும் ஒரு கம்பெனியில் மேனேஜருக்கு டிரைவராக இருந்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவான். மேனேஜர் குடும்பத்தோடு சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது, கொண்டுபோக முடியாத சாமான்களை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். திருமுருகனுக்குக் கிடைத்தது தானே ஓடித் தரையைப் பெருக்கும் மிஷின்.

பெரிய தோசைக்கல் அளவுக்கு வட்டமாக இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. சுவரில் முட்டித் திரும்பியது, கட்டிலுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. நடுவில் ஒரு பெண்குரல் கொரிய மொழியில் ஏதோ சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள், அதோடு மறந்துபோனார்கள். ஆனால் உப்பளக் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலுக்கு அதற்குள் இருந்த சின்னக் குப்பைப் பெட்டி போதவில்லை. அமுதவல்லி மறுபடி துடைப்பத்தையே எடுத்தாள். மிஷின் உள் அறையில் சார்ஜ் ஏறும் மேடைமேல் கிடந்தது.

அமுதவல்லி உப்பு பாக்கெட் போடும் ஷெட்டுக்கு வேலைக்குப் போய்வந்தாள். பகலில் குழந்தைக்குக் காவல் மாமனார் குப்புசாமி. குழந்தை ரோட்டுக்கு ஓடிவிடாமல் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காது மந்தம். உள்ளே குழந்தை பட்டனைக் கண்டுபிடித்து, நாள் முழுக்க மிஷினை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது அவருக்குத் தெரியாது. அமுதவல்லிக்கும் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அமுதவல்லி அடுப்படியில் இருந்தபோது பிரியதர்ஷினி வந்து நின்றாள். சுவரைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் தெளிவாகச் சொன்னாள்:

"சுங்ஜன்ஹே ஜுசேயோ."

அமுதவல்லி கரண்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். இன்னொரு தபா சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். குழந்தை அதையே சொன்னாள். என்ன சொல்கிறாள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. குரல் வந்துவிட்டது. ஈரத் தெருவில் ஓடிப்போய், நாலு வீடு தள்ளியிருந்த நாத்தனார் செந்தமிழைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

செந்தமிழ் திருமுருகனுக்கு மூத்தவள். அந்தக் குடும்பத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. குழந்தை சொன்னதைக் கூர்ந்து கேட்டாள். அவள் முகம் மாறியது.

"இது நம்ம பேச்சு இல்ல அமுதா. கடல்ல போன எதுவோ இவ மேல ஏறிக்கிட்டிருக்குது."

எந்தெந்த நாட்டுக்காரர்களோ அலையில் போனார்கள், பிணம்கூடக் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர் என்று அவள் சொல்லச் சொல்ல, காலையில் வந்த சந்தோஷம் அமுதவல்லிக்குப் பயமாக மாறியது. அதற்குள் குழந்தை வேறு வார்த்தைகளும் சொல்ல ஆரம்பித்திருந்தாள். கவுன் கதவு ஆணியில் மாட்டிக்கொண்டபோது "தோவா ஜுசேயோ" என்றாள். கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அனுமந்தைப் பக்கம் பேயோட்டும் காசிலிங்கத்திடம் போனார்கள். வேண்டாம் என்று சொல்ல அமுதவல்லிக்கு எந்த நியாயமும் தோன்றவில்லை. சின்னக் கொட்டகையில் சாம்பிராணிப் புகை கண்ணை எரித்தது. உடுக்கைச் சத்தம் காதைப் பிளந்தது. யாராவது தொட்டாலே உடம்பை முறுக்கும் குழந்தை அது. அவளை நடுவில் உட்காரவைத்து, கைகளைப் பிடித்துக்கொள்ளும்படி தாயிடம் சொன்னார்கள். அமுதவல்லி பிடித்துக்கொண்டாள்.

காசிலிங்கம் வேப்பிலைக் கொத்தால் கால்களில் அடித்து, யார் நீ, எந்த ஊர் என்று கேட்டார்.

"தோவா ஜுசேயோ" என்று கத்தினாள் குழந்தை.

எதற்காக வந்தாய், எப்போது போவாய் என்று அவர் கேட்கக் கேட்க, ஒவ்வொரு அடிக்கும் அதே வார்த்தை. கடைசியில் தொண்டை கட்டி உதடு மட்டும் அசைந்தது. லேசில் இறங்குகிற ஆள் இல்லை, அடுத்த வெள்ளியும் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது குழந்தை மடியில் உட்கார மறுத்து, ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். அவள் கெண்டைக்காலில் வரிவரியாகத் தடித்திருந்தது.

மறுநாள் திருமுருகன் வந்தான். அவன் செருப்பைக் கழற்றும்போதே அமுதவல்லி எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் பிரியதர்ஷினி அடுப்படி ஓரம் வந்து நின்று, அன்று காலையிலிருந்து சாப்பிடாத வாயால், "சுங்ஜன்ஹே ஜுசேயோ" என்றாள்.

திருமுருகன் அப்படியே நின்றான். அவனுக்கு அந்த மொழி கொஞ்சம் தெரியும். மூன்று வருஷம் வண்டியில் கேட்ட மொழி.

"இது கொரியா பேச்சு" என்றான். பிறகு உள் அறைக்குப் போய் மிஷினைத் தூக்கிவந்து பட்டனை அழுத்தினான். கொஞ்ச தூரம் ஓடியதும் அதன் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டான். மிஷின் திணறி நின்றது. அந்தப் பெண்குரல் ஏதோ ஒரு வரி சொல்லி, கடைசியில் 'தோவா ஜுசேயோ' என்றது.

அமுதவல்லி மிஷினையும் குழந்தையையும் மாறிமாறிப் பார்த்தாள். முதலில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பேட்டரி தீர்ந்துவிட்டது, சார்ஜ் போடுங்கள் என்று அர்த்தம் என்றான். பசிக்கும்போதுதான் அதைச் சொல்கிறாள் என்பது அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"இன்னொன்னுக்கு?"

குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாட்டிக்கிட்டேன், உதவி பண்ணுங்கன்னு."

அமுதவல்லி தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு குழந்தையின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தொடவிடவில்லை.

திருமுருகனுக்கோ பாதி பாரம் இறங்கிவிட்டது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாள், அவ்வளவுதான். கேட்கிற மொழியை மாற்றிவிட்டால் பேசுகிற மொழியும் மாறிவிடும் என்று கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை மிஷினோடு வந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதில் எல்லாமே கொரிய எழுத்து. மேனேஜர் வீட்டம்மா எப்போதோ செய்து காட்டியதை ஞாபகப்படுத்தி, ஸ்பீக்கர் படம் போட்ட பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தான். மிஷின் 'பீப்' என்றது. பக்கத்துப் பட்டனைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மொழி பேசியது. கொரியா, இங்கிலீஷ், சைனா. தமிழ் அதில் இல்லை. இங்கிலீஷில் நிறுத்தினான்.

மிஷின் இங்கிலீஷ் பேசினால் இவளும் இங்கிலீஷ் பேசுவாள், ஸ்கூலில் சேர்க்கும்போது உதவும் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை அமுதவல்லி வேலைக்குப் போகவில்லை. குழந்தை வழக்கம்போலப் பட்டனை அழுத்திவிட்டுத் தரையில் படுத்தாள். மிஷினிலிருந்து வேறு யாருடைய குரலோ வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். அணைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் அதே அந்நியக் குரல். பட்டனை அழுத்தி அழுத்தி விரல் சிவந்துபோனது. பிறகு சுவர் ஓரமாகப் போய், தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தாள். அமுதவல்லி நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். குழந்தை அந்தக் கையிலேயே மோதினாள்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இங்கிலீஷும் வரவில்லை, இருந்ததும் போயிற்று. பசித்தால் சொல்லவில்லை, ஊட்டினால் துப்பினாள். புதன்கிழமை செந்தமிழ் வந்து பார்த்தாள். பூசை நன்றாக வேலை செய்கிறது, பேச்சு நின்றுவிட்டது பார், வெள்ளிக்கிழமையோடு முழுசாக இறங்கிவிடும் என்று திருப்தியாகச் சொன்னாள். மிஷின் விஷயத்தை அமுதவல்லி எடுத்துச் சொன்னாள். மிஷின் பேசுவதைப் பிள்ளை பேசுமா என்று செந்தமிழ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அமுதவல்லி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் திருமுருகனின் செல்லுக்கு போன் போட்டாள். அவன் வண்டியில் இருந்தான். மொழியை எப்படித் திருப்பி மாற்றுவது என்று கேட்டாள். பழக்கமாகிவிடும், கொஞ்ச நாள் பொறு என்றான். சாப்பிடமாட்டேன் என்கிறாள் என்றாள். அவன் குரல் உயர்ந்தது.

"அவ பேசுறது நாலு பேருக்குப் புரிய வேணாமா? கொரியாவுலயா கட்டிக்குடுக்கப் போறோம்?"

"எனக்குப் புரிஞ்சுதுங்க" என்றாள் அமுதவல்லி. "பொறந்ததுலேருந்து மொத மொதல்ல எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அதையும் எடுத்துட்டீங்க."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. அப்புறம் போன் கட்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவளே ரிமோட்டை எடுத்தாள். வட்டமும் கோடுமாக எழுத்துகள். ஸ்பீக்கர் படம் மட்டும்தான் புரிந்தது. அழுத்தினாள். மிஷின் ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது. இழுத்துவந்து இன்னொன்றை அழுத்தினாள். குரலே அடங்கிவிட்டது. எதை அழுத்தினாலும் ஊமையாக ஓடியது. அந்தக் குரலையே அழித்துவிட்டோமோ என்று பயந்து, ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். வாசலில் உட்கார்ந்திருந்த குப்புசாமி எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கணவன் செய்ததை ஒவ்வொன்றாக யோசித்தாள். அவன் அந்தப் பட்டனைத் தட்டவில்லை, விடாமல் பிடித்திருந்தான். அப்படியே பிடித்தாள். 'பீப்' வந்தது. பக்கத்துப் பட்டனைத் தட்டினாள். இங்கிலீஷ். மறுபடி. மூக்கால் பேசுவது போன்ற சைனாக் குரல். மறுபடி.

அந்தப் பெண் பேசினாள்.

சுவர் ஓரம் சுருண்டிருந்த பிரியதர்ஷினி தலையைத் திருப்பினாள். மெதுவாகத் தவழ்ந்து வந்து மிஷின் பக்கத்தில் கன்னத்தைத் தரையில் வைத்தாள். அன்று அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஊட்டியதில் இரண்டு வாய் மட்டும் உள்ளே போயிற்று.

வெள்ளிக்கிழமை செந்தமிழ் ஆட்டோவோடு வந்து நின்றாள். அமுதவல்லி வாசற்படியைத் தாண்டவில்லை.

"வரமாட்டேன் அண்ணி. என் கையாலயே அவளப் புடிச்சிக்கிட்டிருந்தேன். அவ உதவி உதவின்னு கத்தியிருக்குறா. இன்னொரு தபா அதச் செய்ய மாட்டேன்."

ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே என்று சொல்லிவிட்டுச் செந்தமிழ் அதே ஆட்டோவில் போனாள். வெகுகாலம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது. "சுங்ஜன்ஹே ஜுசேயோ." அமுதவல்லி திரும்பிக் கட்டிப்பிடிக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, முள் எடுத்து முன்னால் வைத்தாள். அந்த வார்த்தையைத் தன் வாயாலும் ஒருமுறை சொன்னாள். அதன் பின்னால் 'சோறு' என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அப்படியே செய்தாள்.

அன்று சாயங்காலம் திருமுருகன் வந்தான். மிஷின் சொல்லக்கூடிய மற்ற வரிகளுக்கெல்லாம் புது மேனேஜரிடம் அர்த்தம் கேட்டு மனப்பாடம் பண்ணி வந்திருந்தான். பெருக்க ஆரம்பிக்கிறேன், முடித்துவிட்டேன், பெட்டி நிரம்பிவிட்டது. அவன் சொல்லச் சொல்ல அமுதவல்லி திருப்பிச் சொன்னாள்.

தை பிறந்ததும் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். காது நன்றாக இருக்கிறது என்றார்கள். பெண் டாக்டர் ஒருவர், ஆட்டிசம் என்று ஒரு பெயர் சொன்னார். இது மருந்தால் போகக்கூடியது இல்லை, வாய்க்கு வரும் வார்த்தையைத் தடுக்காதீர்கள், கூடவே உங்கள் வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருங்கள் என்றார். மற்ற பிள்ளைகளைப்போல ஆகிவிடுவாளா என்று திருமுருகன் திரும்பத் திரும்பக் கேட்டான். அதை இப்போது சொல்லமுடியாது என்றுதான் பதில் வந்தது. திரும்பி வரும்போது கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் தாண்டி மரக்காணம் வரும்வரை அவன் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தான்.

வெயில் காலத்தில் மணலும் உப்புக்காற்றும் ஏறி மிஷின் நின்றுபோனது. அதைச் சரிபார்க்க அந்தச் சீமையில் ஆளில்லை. குழந்தை இரண்டு நாள் அழுதாள். ஆனால் இந்த முறை வார்த்தைகள் போகவில்லை. 'சோறு' என்பது அரைகுறையாக அவற்றோடு சேர்ந்துகொண்டிருந்தது. 'தண்ணி'யும் வந்தது. 'அம்மா' வரவில்லை.

ஆனி மாதம் அமுதவல்லி குழந்தையைப் பால்வாடியில் கொண்டுபோய் விட்டாள். டீச்சர் விருத்தாம்பாளிடம் கொரிய வார்த்தைகளைச் சொல்லி அர்த்தத்தையும் சொன்னபோது, அந்தம்மா முதலில் சிரித்தாள். அமுதவல்லியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, இன்னொரு தபா சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

ஷெட்டில் அன்று அமுதவல்லிக்கு வேலை ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாதி தூரம் ஓட்டமாகவே வந்தாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பிரியதர்ஷினி அவர்களோடு இல்லை. கதவுப் பக்கம் தனியாக உட்கார்ந்து பாயின் கோரையை உருவிக்கொண்டிருந்தாள்.

காலையில் ரொம்ப நேரம் அழுதாள் என்றாள் டீச்சர். யாரையும் கிட்ட விடவில்லையாம்.

"கதவச் சாத்துனப்ப அந்த வார்த்தையச் சொன்னா. உதவின்னு சொன்னியே, அது. தெறந்து வுட்டுட்டேன். அப்புறம் அழல."

அமுதவல்லி வாசலிலேயே நின்றாள். குழந்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூட்டிக்கொண்டு போய்விடலாமா, விட்டுவிட்டுப் போகலாமா என்று அவளுக்குத் தீர்மானமாகவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்துகொண்டிருந்தது. கடைசியில் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, ஷெட்டை நோக்கி நடந்தாள்.