மூன்றரைச் சுற்று

"அக்கா ரிங்கை டைட்டா போட்டுட்டாங்க போல சார். அதான் பிஸ்டன் போயிடுச்சு."

தம்பி பல் டாக்டரிடம் இதைச் சொன்னபோது நான் அதே காருக்கு அடியில்தான் படுத்திருந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பான். இழுவை வண்டி காரை இறக்கிவிட்டுப் போய் அரை மணிகூட ஆகவில்லை. சட்டியில் இறங்கிய ஆயிலில் அலுமினியப் பொடி மினுங்கியது. அதைப் பார்த்தபடியே கிடந்தேன். வெளியே வந்தால் ஸ்பேனரை எறிந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

பட்டறை எங்கள் இருவருடையது. உள்ளே இன்ஜின் கட்டுவது நான், வெளியே வருகிறவர்களிடம் பேசுவது அவன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். வண்டி பறந்தால் "உங்க தம்பி கைராசிக்காரர்" என்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். கெட்டுப்போனால் மட்டும் கட்டியவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

டாக்டருக்கு மலைமேல் இன்னொரு கிளினிக் உண்டு. ஏற்றத்தில் பழைய கார் திணறியது. அதை விற்கவும் அவருக்கு மனசில்லை. சின்ன டர்போ பொருத்தலாம் என்று திட்டம் போட்டது நான்தான். புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் காற்றாடி அது. அளவாகத் திணித்தால் பலம், மீறினால் இன்ஜின் தன்னையே தின்றுவிடும். அதனால் கெட்டியான பிஸ்டன்களைப் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைத்தேன். சூட்டில் ரிங் விரியும் என்று அதன் இரு முனைகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விட்டேன். ஒவ்வொரு ரிங்கையும் அரத்தால் தேய்ப்பதும் சிலிண்டரில் இறக்கி அளப்பதும் மறுபடி தேய்ப்பதுமாக நாலு நாள் போயிற்று. காற்றழுத்தம் ஆறு பவுண்டு, அவ்வளவுதான். அதைத் தாண்டாதபடி, அழுத்தத்தை ஏற்றி இறக்கும் டர்போ கம்பியின் நட்டை இறுக்கி, குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன்.

வண்டியைக் கொடுத்த மூன்றாவது வாரம் பாதி ஏற்றத்தில் வண்டி படாரென்று நின்றுவிட்டது. பின்சீட்டில் டாக்டரின் மகள். பின்னால் வந்த சரக்கு லாரி ஒரு முழத் தூரத்தில் பிரேக் பிடித்ததாம்.

நான் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, நாளைக்குக் கழற்றும்போது அவரும் கூட இருக்கவேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். சாருக்கு எதற்குச் சிரமம், தானே பார்த்துக்கொள்வதாகத் தம்பி குறுக்கிட்டான்.

"நீ பாத்துக்கிட்டது போதும்" என்றேன்.

சாயங்காலம் அம்மாவின் போன் வந்தது. அவன் முந்திக்கொண்டிருந்தான். வெளியே நாலு பேரைப் பார்க்கிறவன் பெயர் கெடக்கூடாது, நீதான் கொஞ்சம் பொறுத்துப் போகவேண்டும் என்றாள். எனக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் சிலிண்டர் ஹெட்டின் பத்து போல்ட்டுகளைத் திருகியபோது ஒவ்வொன்றும் அவன் காது மாதிரிதான் இருந்தது எனக்கு.

டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். மூன்றாவது பிஸ்டனின் தலை பொடிப்பொடியாக அரிக்கப்பட்டு, விளிம்பு உடைந்திருந்தது.

"சொத்தைப் பல் மாதிரியே இருக்கே" என்றார்.

ரிங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். டைட்டாக இருந்திருந்தால் முனைகள் முட்டிப் பளபளவென்று தேய்ந்திருக்கும். இவற்றில் என் அரம் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. பிறகு டர்போவைக் காட்டினேன். மஞ்சள் கோடு அறுபட்டு, ஒரு பாதி எங்கோ சுற்றிப் போயிருந்தது. பழைய இடத்துக்கு வந்து கோடு சேரும்வரை நட்டை அவர் முன்னாலேயே திருப்பி எண்ணினேன். மூன்றரைச் சுற்று.

"வண்டி இன்னும் கொஞ்சம் இழுத்தா தேவலைன்னு சார்தான் கேட்டாரு" என்றான் தம்பி.

"கேட்டேன். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் காத்தை ஏத்தினதா நீங்க சொன்னீங்களே" என்றார் டாக்டர்.

ரேடியோவை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அவன் என்னைப் பார்க்காமல், "உன்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ" என்றான்.

"அந்தப் பொண்ணு பின்னாடி உக்காந்திருந்தாடா."

டாக்டர் ரிங்கைத் துணியில் துடைத்து மேஜையில் வைத்தார். மறுபடி கட்ட முடியுமா என்று கேட்டார். இந்தமுறை என்னைப் பார்த்துக் கேட்டார். கட்டுகிறேன், ஆனால் இனி வண்டியைப் பற்றி எதுவானாலும் என்னிடம்தான் பேசவேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

"அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு" என்றேன் தம்பியிடம்.

போட்டான். "நான்தாம்மா திருப்பினேன். அக்கா மேல தப்பில்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நீ சாப்டியாடா?" என்று கேட்டாள் அம்மா.

நான் எழுந்து சிங்க்குக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். கையைக் கழுவாமலே மூடினேன்.

திரும்பியபோது அவன் சுரண்டியை எடுத்துக்கொண்டு, ஹெட்டில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் அந்த வேலையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சுரண்டியின் தகட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்து அழுத்தினான். அலுமினியம், கீறல் விழுந்தால் போயிற்று. விழட்டும் என்று நின்றேன். மூன்று இழுப்புவரை பொறுத்தேன். நாலாவதில் முடியாமல் போய், அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தகட்டைச் சாய்த்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தேவைக்கு மேலேயே இறுக்கிப் பிடித்திருந்தேன்; விடத் தோன்றவில்லை. என் விரல்களின் கரிய ஆயில் அவன் தோலில் நாலு பட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது.