மழலையர் மகிழ்வகம்

தேவாலயத்தின் பின்கோடியில் கண்ணாடி அடைத்த ஓர் அறை. வாசலில் பொன்னெழுத்தில் 'மழலையர் மகிழ்வகம்'. அதைவிடப் பெரிய எழுத்தில், அன்பளித்த சபைச் செயலாளரின் பெயர். திறப்பு விழாவில் குழந்தைகளின் அருமையைப் பற்றி அவர் ஓயாமல் பேசினார், அழுத குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு.

இந்த ஞாயிறு தையல்காரி மகனோடு படியேறியதுமே செயலாளர் அந்த அறையைக் கைகாட்டினார். "அங்க போங்கம்மா. பிள்ளைங்களுக்குன்னே கட்டினது. எல்லாம் கேக்கும்."

கேட்கவில்லை. உள்ளே மாட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரத்துவிட்டு அடங்கிப்போனது. கண்ணாடிக்கு அப்பால் பாஸ்டர் மீன்போல வாயைத் திறந்து மூடினார். தொட்டிக்குள் இருப்பதென்னவோ அவள்தான்.

மறுநாள் அவள் கணவனுக்கு இருதய ஆபரேஷன். இன்று சபையே ஜெபிக்கும் என்று பாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் அவனை ஆஸ்பத்திரியில் தனியே விட்டு வந்திருக்கிறாள். "என் பேரு வந்ததும் எனக்கும் சேத்து ஆமென் சொல்லு," என்று அனுப்பியிருந்தான்.

எல்லாத் தலைகளும் குனிந்தன. வாய்கள் ஒன்றாய் அசைந்தன. தலைகள் நிமிர்ந்தன. அது அவனுக்கா, வேறு யாருக்காவதா?

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடுப்பாதையில் விறுவிறுவென்று நடந்தாள். முன்வரிசை மெத்தை நாற்காலியிலிருந்து செயலாளர் எழுந்து குறுக்கே வந்தார்.

"பையன் சத்தம் போடுவாம்மா. ஆராதனை கெட்டுடும்."

"அவன் இன்னும் வாயே திறக்கல சார். நீங்கதான் பேசிட்டிருக்கீங்க." அவரைத் தாண்டிப் பார்த்தாள். "பாஸ்டர், என் வீட்டுக்காரருக்கு ஜெபம் பண்ணியாச்சா?"

"இப்பத்தாம்மா முடிச்சோம்."

"நான் ஆமென் சொல்லல. உள்ள ஒரு எழவும் கேக்கல. மறுபடி பண்ணுங்க."

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு," என்று செயலாளர் கண்ணாடி அறைக்கே ஓடினார். உள்ளே நின்று அதைத் தட்டினார், கையை ஆட்டி என்னவோ கத்தினார். வாய் மட்டும் அசைந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

காலியான மெத்தை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். கணவனின் பெயர் வந்தது. ஜெபம் பாதிகூட ஆகவில்லை, அப்பா மடியில் கற்றதைப் பையன் தூண் அதிரச் சொன்னான்: "ஆமென்!"

பக்கத்து நாற்காலிப் பெண்மணி உதட்டில் விரல் வைத்தாள்.

"விடுங்கக்கா. அவங்கப்பாவுக்குத்தான் சொல்றான். இன்னும் சொல்லுவான்."

சொன்னான்.