பேராசிரியரின் ஒரே ஒரு திருத்தம்

உயிர்களின் வரலாறு என்பதே ஒளியைத் தேடிப்போன வரலாறுதான். துறைத் தலைவரான பேராசிரியர் முப்பது வருடமாக எல்லாச் சொற்பொழிவையும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குவார். தொடங்கிவிட்டு, அரங்கத்து விளக்குக்கு எது ஸ்விட்ச் என்று யாரையாவது கேட்பார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்தவளுக்கு வீட்டில் வௌவால் என்று பெயர். வைத்தது மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் அக்கா. காரணம் இருந்தது. குளத்துப் பாசி ஒன்றுக்குக் கண் கிடையாது. ஆனாலும் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். அதற்குத் தகவல் சொல்வது ஒரு புரதம். நீல ஒளி பட்டால் கதவுபோலத் திறந்து, துளி மின்சாரத்தை உள்ளே விடும். அந்தப் புரதத்தை வேறு செல்களில் வைத்தாலும் கதவு திறக்குமா என்று பார்ப்பதுதான் இவள் வேலை. சாதாரண வெளிச்சம் பட்டால் சோதனைக்கு முன்பே கதவு திறந்து களைத்துவிடும் என்பதால், பட்டப்பகலில் ஜன்னலில்லாத அறையில் ஒரு சிவப்பு விளக்கடியில் உட்கார்ந்திருப்பாள்.

ஏழு மாதமாக மின்சாரத்தை அளக்கும் கருவியின் திரையில் ஓடியது அடிமட்டம் வைத்துக் கிழித்தது போன்ற நேர்கோடு. "உன் புரதத்தைக் கடைக்குக் கூட்டிட்டு வாடி, பவர் பார்த்துக் கண்ணாடி போட்டு அனுப்புறேன்" என்பாள் அக்கா.

வெள்ளிக்கிழமைக்குள் கோடு அசையாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. அறை, துறையின் எதிர்காலத்தைத் திட்டமிடும் தொலைநோக்குக் குழுவுக்குப் போய்விடும். ஜன்னல் இல்லாததை அந்தக் குழு ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

பேராசிரியர் திருத்தாத செய்முறை அந்தத் துறையில் செல்லாது. வைட்டமின் ஏ கரைசல் ஐந்து துளி விட வேண்டும் என்று வௌவால் ஒவ்வொரு முறையும் எழுதுவாள். ஒளியை ஏந்தும் கை புரதத்துக்கு அதிலிருந்துதான் வர வேண்டும். அவர் சிவப்புப் பேனாவால் அதை அடித்து, பக்கத்தில் 'இயற்கையே தரும்' என்று எழுதுவார். அவள் அந்தத் திருத்தப்படியே மறுபடி தட்டச்சு செய்துகொண்டு உள்ளே போவாள். இயற்கை ஏழு மாதமாகக் கைவிரித்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் தாமதமாக வந்ததால் தட்டச்சுக்கு நேரமில்லை. இருட்டறை வாசலிலேயே நின்று திருத்தி, நாலாக மடித்துக் கொடுத்தார். "ஒரே ஒரு திருத்தம்தான்மா. கோடு எப்படிக் குதிக்குதுன்னு பாரு." அவர் தலைக்குப் பின்னால் அவரே எழுதி மாட்டிய பதினோரு விதிகள் தொங்கின. மூன்றாவது விதியைத் தாண்டி யாரும் வாசித்ததில்லை.

உள்ளே போய்ப் பிரித்தாள். ஒரு கீறல்கூட இல்லை. திருப்பிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பிழை திருத்தித் திருப்பி அனுப்பிய மனிதர். திருத்துவதை நிறுத்தியதுதான் அந்த ஒரே திருத்தம் போலும் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து துளி விட்டாள். ஒரு மணி நேரம் காத்திருந்து நீல ஒளியைப் பாய்ச்சினாள்.

கோடு குதித்தது. மறுபடி பாய்ச்சினாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல மறுபடி குதித்தது. இருட்டில் ஆடியதில் முக்காலி உருண்டது, முழங்காலில் அடி பட்டது, வலிக்கவேயில்லை.

வெளியே வந்து முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அது பார்க்குதுக்கா."

அக்கா, "எழுத்து அட்டையில எத்தனாவது வரி வரைக்கும்?" என்று கேட்டாள். கடையைச் சாத்திவிட்டு வந்தே விட்டாள்.

அவள் வந்தபோது தாழ்வாரமே திரண்டிருந்தது. தொலைநோக்குக் குழு வேறு அறை பார்க்கும் என்று ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் அறிவித்தார். பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். வெற்றிக்குக் காரணமான திருத்தத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லி, வௌவாலின் கையிலிருந்த தாளை வாங்கிக் குழல்விளக்கு வெளிச்சத்தில் விரித்தார். ஐந்து துளியின் மேல் இரண்டு சிவப்புக் கோடுகள். பக்கத்தில் 'இயற்கையே தரும்'.

"விட்டியா?" என்றார், மெதுவாக.

"அஞ்சு துளியும் விட்டேன் சார். உள்ளே இது எதுவுமே தெரியலையே."

அவர் தாளை மறுபடி நாலாக மடித்தார். சிவப்பு விளக்கடியில் வெள்ளைத் தாளும் சிவப்பு. சிவப்பு மை அதில் கரைந்துபோகும்.

அக்கா மட்டும் வாசல் பலகையைக் கடைசி வரை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது விதி, சிவப்பு மையில் எழுதிய எதையும் இந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்றது. கீழே பேராசிரியரின் கையெழுத்து இருந்தது.