மூன்று மணி வெண்ணெய்

என் சகலை சமையல்காரனே இல்லை. பாத்திரம் விற்றவன். பெரிய கடை ஒன்றின் வாசலில் மேசை போட்டு, ஒட்டாத வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, அது வழுக்கி ஓடுவதைக் காட்டி, "அக்கா, ஒரு சொட்டு எண்ணெய் வேணாம் பாருங்க" என்று பதினைந்து வருஷம் கத்தினவன். வாய் நன்றாக இருக்கிறதென்று டிவிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது தினமும் மூன்று மணிக்கு அதே வாயால், "வெண்ணெயில மட்டும் கஞ்சத்தனம் கூடாது" என்கிறான்.

அவனுக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வரிசை பித்தளைப் பட்டன். நான் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றவன். எனக்குக் கொடுத்தது முதுகில் முடிச்சுப் போடுகிற துணி. முடிச்சுப் போடவும் ஆள் இருக்காது, நானே குருட்டாம்போக்கில் போட்டுக்கொள்வேன்.

எங்கள் சமையலறையில் மூன்று நிறத்தில் தட்டு. நீலம் உப்பு குறைவு, மஞ்சள் சர்க்கரை இல்லை, சிவப்பு நெஞ்சுக்காரர்களுக்கு, கொழுப்பே ஆகாது. சிவப்புத் தட்டு என் பொறுப்பு. யார் சமைத்தது என்று ஒரு நோயாளி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் திட்டுவதற்காகத்தான் இருக்கும். சாப்பாடு எப்படி என்று நானும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. வாய் பொய் சொல்லும். திரும்பி வருகிற தட்டைப் பார்ப்பேன். என் தட்டுகள் பாதிக்குப் பாதி அப்படியே திரும்பி வரும். அது என் சமையலின் குற்றமில்லை, அவர்களுடைய நெஞ்சின் குற்றம் என்று சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் என் பெண்டாட்டிக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே கரண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். எனக்குத் தெரியாத பத்தியமா? அவித்த கிழங்கு, தோல் உரித்த கோழி, காய் சூப். சுத்தமான சாப்பாடு. அவள் பாதி சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினாள். போதும் என்றாள். நான் எடுத்துக் கழுவப் போட்டேன். பழகின தட்டுதானே.

ஆனால் மூன்று மணி ஆனால் போதும், நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தங்கை வீட்டுக்காரர் என்ற பெருமை ஒரு பக்கம். அன்றைக்கு அவன் கோழித் தொடையை வெண்ணெயில் பொரித்தான். ஒரு கட்டி போட்டான், பிறகு இன்னொரு கட்டி. அதன்மேல் பாலாடைக்கட்டியைத் துருவிக் கொட்டி, க்ரீமை ஊற்றி, மறுபடி மேலே கொஞ்சம் வெண்ணெய். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு பச்சை இலையைக் கிள்ளி நடுவில் வைத்து, "சத்துக்கு சத்தும் ஆச்சு" என்றான். இதைத் தின்றவன் நேராக எங்கள் சிவப்புத் தட்டுக்குத்தான் வருவான் என்றேன். தின்னவா போகிறேன், பார்க்கத்தானே செய்கிறேன் என்றாள். அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. நான் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்ணெய் வழிகிற அந்தத் தட்டை அவன் தூக்கிக் காட்டும்போது என் பெண்டாட்டி எச்சில் விழுங்கினாள்.

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள். என் கையால் சமைத்த எதையும் பார்த்து அவள் எச்சில் விழுங்கி நான் கண்டதில்லை.

அதற்கப்புறம் அந்த நிகழ்ச்சியை நானும் உட்கார்ந்து பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடிக்கவும் செய்தேன். கடைசியில் அவன் ஒரு வாய் எடுத்து வைத்துக் கண்ணை மூடி ஆகா என்பான். வாய் மெல்லும். தொண்டை மட்டும் அசையவே அசையாது. அதற்குள் படம் மாறிவிடும். அவளிடம் சொன்னேன். ஊரில் எல்லார் தொண்டையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, வேறு வேலை இல்லையா என்றாள்.

மறுநாள் வெண்ணெய் வாங்கினேன். சின்னக் கட்டி. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், இது எனக்கு, என் ரொட்டிக்கு என்றுதான் நினைத்துக்கொண்டேன். மத்தியானம் கிழங்கை மசிக்கும்போது அரைக் கரண்டி அதில் போய் விழுந்தது. விழுந்தது என்று எழுதுவது தப்பு. போட்டேன்.

தட்டு சுத்தமாகத் திரும்பி வந்தது. விரலால் வழித்திருந்தாள்.

"இன்னிக்கு என்ன பண்ணீங்க இதுல?"

ஒன்றும் பண்ணவில்லை, நன்றாக மசித்தேன் என்றேன்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் கூட இப்படி ஒரு கிழங்கு பண்ண மாட்டாரு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் நான் ஒரு வாரம் நடந்தேன். தெருவில் தெரியாதவனுக்கெல்லாம் வழிவிட்டேன். அடுத்த வாரம் அரைக் கரண்டி ஒரு கரண்டி ஆயிற்று. பிறகு இரண்டு. சூப்பில் க்ரீம். கோழியை வேகவைப்பதற்கு முன்னால் தோலோடு வதக்கிவிட்டுத் தோலை எடுத்துப் போட்டேன். கொழுப்பு எங்கெங்கே ஒளியும் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? முப்பத்தோரு வருஷம் அதை விரட்டினவன் நான். வெண்ணெயைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தால் உருகும் என்று, ஃப்ரிட்ஜில் எலுமிச்சைத் தோல் வைக்கிற பழைய டப்பாவுக்குள் வைத்தேன். அவளுக்கு எலுமிச்சைத் தோல் வாசனை ஆகாது, அதைத் திறக்கவே மாட்டாள்.

அவள் முகம் கொஞ்சம் உருண்டது. தெம்பு வந்துவிட்டது என்றாள். மூன்று மணிக்குச் சில நாள் டிவி போட மறந்தாள். மறந்த நாளை நான் மனதில் வைத்துக்கொள்வேன். தங்கையிடம் ஃபோனில், உங்க அத்தான் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் என்ன மாயம் பண்ணுகிறாரோ தெரியவில்லை என்று அவள் சொல்வதை, அடுத்த அறையில் நின்று நானே கேட்டேன். கேட்பதற்காகத்தான் நின்றேன்.

அந்தப் பேச்சு சகலை காதுக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். கோட்டு இல்லாமல் பார்த்தால் அவன் பழைய பாத்திரக்காரன்தான். முன்னைவிட மெலிந்திருந்தான். மச்சினிதான் பேச்சை ஆரம்பித்தாள். பார்க்கிறவர்களிடமிருந்து புகார் வருகிறதாம். இவர் பண்ணுவதைத் தின்றால் ஆள் செத்துப்போவான் என்று யார் யாரோ எழுதுகிறார்களாம். அதனால் வாரத்தில் ஒரு நாள் எண்ணெய் இல்லாத சமையல் போடச் சொல்கிறார்களாம். "அத்தான் வந்து நின்னா நல்லா இருக்கும்னு இவருக்கு ஆசை" என்றாள்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டிவிக்காரன் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். பார்க்கலாம், யோசித்துச் சொல்கிறேன் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டை எடுத்து வைத்தேன்.

சகலை கிழங்கில் ஒரு வாய் எடுத்தான். மென்றான். இந்தத் தடவை தொண்டை அசைந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். பெண்கள் முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டான், தண்ணீர்ச் சத்தம் கேட்கட்டும் என்று.

"அண்ணே, இதுல வெண்ணெ இருக்கு."

நான் தட்டைத் தேய்த்தேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

உனக்கென்ன வந்தது, நீ ஊருக்கே போடுகிறாயே என்றேன்.

"நான் போடறத நான் திங்கறதில்ல அண்ணே. கேமரா நின்னதும் துப்பிடுவேன், பக்கத்துல டப்பா வச்சிருக்காங்க. எனக்கும் கொழுப்பு இருக்கு, மாத்திரை போடறேன். பாக்கறவங்களும் யாரும் பண்ணித் திங்க மாட்டாங்க, சும்மா பாப்பாங்கன்னுதான் நெனச்சுக்கறேன்."

என் சந்தேகம் சரிதான் என்று எனக்கு ஒரு நிமிஷம் குஷியாக இருந்தது. தொண்டையைப் பார்த்தே கண்டுபிடித்தவன் நான். அந்தக் குஷி அடங்குவதற்குள் அவன் இன்னொன்று சொன்னான். யாரிடமும் சொல்ல மாட்டேன், நீங்கள் நிகழ்ச்சிக்கு வாருங்கள், அங்கேயும் இப்படியே கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம், காட்டவேண்டாம், அவ்வளவுதான் என்றான். கோட்டுக்கு என் தோள் அளவு கேட்டான்.

சொன்னேன். அளவைச் சொன்னேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அதற்கு நான்காம் நாள் அவளுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு. டாக்டர் இளம் வயது, என் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி எடுத்தவர், சிவப்புத் தட்டைத் தெரிந்தவர். தாளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். கொழுப்பு எகிறிவிட்டது, ஆறு மாதத்துக்கு முன்னால் இருந்ததைவிட மோசம் என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, இவர்தான் சமைக்கிறார், முப்பத்தோரு வருஷம் நெஞ்சுக்காரர்களுக்குச் சமைத்தவர் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இவர் கையால் சாப்பிட்டும் இப்படி என்றால் சாப்பாட்டில் குற்றமில்லை, மாத்திரைதான் போதவில்லை என்றார். இரண்டு மடங்காக எழுதப் பேனாவைத் திறந்தார். அதிலும் குறையாவிட்டால் நெஞ்சுக்குள் குழாய் விட்டு அடைப்பைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

அந்த மாத்திரை கூடினால் அவளுக்கு ஆகாது. ஆரம்பத்தில் கூடுதலாகக் கொடுத்துத் தொடைச் சதையெல்லாம் கட்டையாக இறுகி, மூன்று வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போனாள். இரண்டு கையாலும் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்ததை நான் பார்த்தவன். அவளுக்கும் அது நினைவு வந்திருக்கவேண்டும். மடியில் இருந்த கை முழங்காலைப் பிடித்துக்கொண்டது. ஆனால் டாக்டரிடம் சரி என்று தலையாட்டினாள். என் சாப்பாட்டை நம்பினாள், அதனால் மாத்திரையை ஒத்துக்கொண்டாள்.

ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் முதலில் சமையல்காரனைத்தான் பிடித்திருப்பேன்.

"எழுதாதீங்க டாக்டர். நான் வெண்ணெ போட்டேன்" என்றேன்.

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு என்று கேட்டார். அளவு எனக்கு மறக்காது. கிழங்கில் அரையில் ஆரம்பித்து இப்போது ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி, சூப்பில் க்ரீம் கால் கோப்பை, வாரத்தில் மூன்று நாள் கோழித்தோல் கொழுப்பு, ஒன்பது வாரமாக. அவர் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்து, மாத்திரை பழைய அளவே இருக்கட்டும், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். என் பக்கம் திரும்பவில்லை. அவள் மட்டும் திரும்பினாள். திரும்பினவள் கண்ணை எடுக்கவில்லை.

பஸ் நிறுத்தம் வரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் நடுவில் பையை வைத்தாள். ஒரு பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை. அது போன பிறகு கேட்டாள்.

"எதுக்குங்க?"

என்ன சொல்வது? சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது.

"அவன் சமைக்கறதப் பாத்து நீ எச்சில் முழுங்கின."

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை.

"அட கடவுளே. அவரையா பாத்தேன்? வெண்ணெயப் பாத்தேன்யா நான். பத்து மாசமா உப்பில்லாத கிழங்கத் திங்கறவ வேற எதப் பாப்பா?"

கல்யாணம் ஆனதிலிருந்து என்னை அவள் 'யா' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். பையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

"ஒடம்பு தேறுதுன்னு நெனச்சேன். சாவுக்குப் பயப்படாம ரெண்டு மாசம் தூங்கினேன். அதையும் பொய்யாக்கிட்டீங்க."

அடுத்த பஸ் வந்ததும் பையை நான் தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எலுமிச்சைத் தோல் டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் கொட்டினாள். சகலைக்கு அவளே ஃபோன் போட்டாள். உங்க அண்ணன் வரமாட்டார், கோட்டு தைக்கவேண்டாம் என்று இரண்டே வார்த்தை. அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவன் அந்தக் கோட்டை வேறு யாருக்காவது தைத்துக் கொடுத்திருப்பான் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்போது நான் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவள் நாற்காலியோடு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். கிழங்கு வேகும்வரை இருக்கிறாள். நான் டப்பாவைத் திறந்தால் என்ன அது என்கிறாள். மிளகு என்றால் காட்டச் சொல்கிறாள். சில நாள் சமையல் மூன்று மணி வரை இழுத்துவிடும். பக்கத்து வீட்டு டிவியில் அவன் குரல் கேட்கும், ஏதோ உருகுகிறது, ஏதோ பொரிகிறது என்பான். அவள் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. என் கையையேதான் பார்க்கிறாள், திருடனைப் பார்க்கிற மாதிரி.

நேற்று வேண்டுமென்றே கிழங்கை மெதுவாக மசித்தேன்.