சைபரில் முடியாத சந்தா

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சிட்னி ஹெலன்ஸ்பர்க் கோயில் பெருமாள் மீது ஆணை. பெருமாள் போதாது என்பவர்களுக்கு என் பற்கள் மீதும் ஆணை. மேல்வரிசை கட்டுப்பல், ஆகவே கீழ்வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

வென்ட்வர்த்வில்லில் எங்கள் மாடிக் குடியிருப்பில் மேல்வீட்டில் இருப்பவர் மகேந்திரராஜா. மனைவி சந்திரவதனா, ஒரே மகள் சிவாஜினி. கீழ்வீட்டில் நானும் என் பழைய கொரொல்லாக் காரும். மகேந்திரராஜா பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், சந்திரவதனா முதியோர் இல்லத்தில் பாட்டிமாரைக் குளிப்பாட்டுகிறாள். இரண்டு பேரும் விடிய முன்னர் போய்விடுவதால், காலையில் பிள்ளையை ஸ்டேஷனில் இறக்கிவிடும் வேலை எனக்கும் கொரொல்லாவுக்கும் வந்து சேர்ந்தது.

சிவாஜினிக்கு யூனிவர்சிட்டியில் முதலாம் வருடம். பதினாறு வயதில் வவுனியாவிலிருந்து வந்தவள். வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு சிநேகிதி வாய்க்கவில்லை. மதியச் சாப்பாட்டை அவள் நூலகத்தின் லிஃப்டுக்குள் நின்று சாப்பிட்டாள். லிஃப்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, ஆகவே அங்கே தனியாக நிற்பது வெளியே தெரியாது. மேலே போகும்போது இடியப்பம், கீழே வரும்போது சம்பல். வாசனை பிடித்து மூன்றாம் மாடிச் சட்டப் புத்தகங்களின் அட்டைகள் மஞ்சளாகிவிட்டன. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ஒருநாள் காலையில் காரில் ஏறியவள் சிரித்தாள். அதுவே புதினம்.

"அங்கிள், ஒரு சிஸ்டர்ஹுட் இருக்கு. கேர்ள்ஸ் மட்டும். சேர்ந்தா எல்லாரும் எனக்கு சிஸ்டர்ஸ். டெய்லி ஒரே மேசையில இருந்து லஞ்ச்."

"அமெரிக்கப் படங்களில வருமே, பெரிய வீடு, முன்னுக்குக் கிரேக்க எழுத்து, அதோ?"

"ஓம். கிளீபில வீடு இருக்கு. ஆனா ஃபீஸ் கட்டோணும்."

"காசுக்குச் சகோதரமோ?"

"எல்லாரும்தானே கட்டுகினம்."

"எனக்கு நாலு தங்கச்சிமார், பிள்ளை. சும்மா கிடைச்சவளவை. ஒருத்தியும் என்னோட கதைக்கிறதில்லை. காசு குடுத்து வாங்கினது கொஞ்சக் காலம் கூட உழைக்கும், கட்டு."

அவள் ஹரிஸ் பார்க்கில் ஒரு இனிப்புக்கடையில் பின்னேர வேலைக்குச் சேர்ந்தாள். ஜிலேபி சுடும் வேலை. முதல் தவணை ஐந்நூறு டொலர் சேர்ந்ததும், தாள்களாகக் கொண்டுவந்து தகப்பனிடம் கொடுத்தாள். நல்ல காரியத்துக்குப் பணம் போகும்போது தகப்பனுடைய கையால்தான் போகவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அன்று நானும் குசினியில் இருந்தேன். மகேந்திரராஜா கைகால் முகம் கழுவி, திருநீறு பூசி, கிழக்கே பார்த்துக் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ஃபோனில் வங்கியைத் திறந்தார். சிவாஜினி ஜிலேபிக் கடைக்குப் போயிருந்தாள். அவர் ஐந்து, சைபர் என்று தட்டிவிட்டு நிறுத்தினார்.

"என்ன அண்ணை, ஐந்நூறு எண்டு மொட்டையாப் போடுறதே?" என்று என்னைக் கேட்டார்.

"அவையள் கேட்டது அதுதானே?"

"அவையளுக்கு என்ன தெரியும். பிள்ளை ஒரு வீட்டுக்குப் போறாள். சைபரில முடிச்சா உறவும் அதோட முடிஞ்சிடும். கலியாண வீட்டுக்கு நாங்கள் சைபரில குடுக்கிறமே?"

"அந்த ஒண்டுதான் உறவைப் பிடிச்சிருக்கிற ஆணி" என்றாள் சந்திரவதனா, வெங்காயம் வெட்டியபடி.

ஆகவே ஐந்நூற்றொரு டொலர் போனது. அந்த மேலதிக ஒரு டொலர் மகேந்திரராஜாவின் சொந்தப் பணம். அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஆசீர்வாதத்தைச் சொல்லிக்காட்டுவது அழகில்லையாம்.

கிளீப் வீட்டுக் கணினிக்கு வந்தது துன்பம். அதற்கு ஐந்நூறு என்றால் சந்தா. ஐந்நூறில்லாத எதுவும் நன்கொடை. அது ஐந்நூற்றொன்றை நன்கொடையில் போட்டுவிட்டு, தகப்பனுக்கு நன்றியும் மகளுக்குப் பாக்கி அறிவித்தலும் அனுப்பியது. தகப்பன் நன்றியைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரர் ரசீது தாறதுக்கே என்ன மரியாதை, பாருங்கோ அண்ணை" என்று உருகினார். மகள் அறிவித்தலைப் பார்த்துவிட்டு, இது அடுத்த தவணை என்று நினைத்தாள்.

பொருளாளரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டாள். சந்தா கட்டாதவர்களோடு சகோதரிகள் பேசக்கூடாது என்பது அவர்களுடைய விதி. ஆகவே பொருளாளர் அவளைப் பார்த்துப் பரிதாபமாகப் புன்னகைத்துவிட்டு, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். சிவாஜினி அதை ஒரு சடங்கு என்று எடுத்துக்கொண்டாள். புதுச் சகோதரிகளுக்கு ஏதோ மௌன விரதம் என்று என்னிடம் சொன்னாள்.

"எவ்வளவு நாளைக்காம் விரதம்?"

"தெரியாது அங்கிள். முழுக்கக் கட்டி முடிக்கும்வரைக்கும்போல."

பிறகு தாமதக் கட்டணம் வந்தது. தாமதக் கட்டணம் தாமதமானதற்குக் கட்டணம் வந்தது. பிறகு மேற்சட்டைக்கு, பிறகு ஒரு மூத்த சகோதரியை ஒதுக்கித் தருவதற்கு. ஒவ்வொன்றுக்கும் சிவாஜினி ஜிலேபி சுட்டாள், ஒவ்வொன்றுக்கும் மகேந்திரராஜா திருநீறு பூசிக் கிழக்கே பார்த்து ஒரு டொலர் கூட்டிப் போட்டார். ஜிலேபி பிழிந்து பிழிந்து பிள்ளையின் கையெழுத்தே வட்டம் வட்டமாகிவிட்டது. ஒரு பேராசிரியர் அவளுடைய கட்டுரையைக் கன்னட மொழித் துறைக்கு அனுப்பிவைத்தார். அங்கே அதற்கு நல்ல புள்ளி கிடைத்தது. அதுவும் சத்தியம்.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் சொன்னபடியே சொல்கிறேன். இதில் கூட்டிச் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நன்கொடைக்கு நன்றியாக மேற்சட்டை வந்து சேர்ந்த அன்று அவள் லிஃப்டுக்குப் போகவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, சகோதரிகள் சாப்பிடும் புல்வெளிக்குப் பக்கத்தில், இரண்டு கதிரை உள்ள ஒரு மேசையில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திறக்கவில்லை. ஒருத்தி எழுந்து இவளை நோக்கி வந்தாள். அதே நிறச் சட்டை. இவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து இடம் விட்டாள். வந்தவள் எதிர்க்கதிரையின் முதுகில் கையை வைத்து, "இதில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றாள் சிவாஜினி.

அவள் நன்றி சொல்லிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"என்னோட கதைச்சவள் அங்கிள்" என்றாள் சிவாஜினி அன்று பின்னேரம் காருக்குள். "விரதம் முடியப்போகுதுபோல."

நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

வருட முடிவில் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து, குடும்பத்தோடு வரவும், வெள்ளை உடை. புதுச் சகோதரிகளின் பெயரை வாசித்து மெழுகுதிரி கொடுக்கும் நாள். அன்றோடு அந்த வருடத்துக்கான சேர்க்கை முடிகிறது. அழைப்பு மகேந்திரராஜா பெயருக்கு வந்திருந்தது. தகப்பன் பெயரில் வருவதுதானே முறை, ஆகவே யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"கலியாணம் கட்டாத பிள்ளைக்கு வெள்ளைச் சீலையோ?" என்று சந்திரவதனா இரண்டு நாள் சண்டை பிடித்தாள். கடைசியில் சிவப்புக் கரை வைத்த வெள்ளை என்று சமாதானமானது. சிவாஜினி எல்லாருக்கும் கொடுக்க ஒரு பெட்டி ஜிலேபி சுட்டு எடுத்துக்கொண்டாள். காரில் பிள்ளை முன்னுக்கு, தாயும் தகப்பனும் பின்னுக்கு, பெட்டி அவள் மடியில்.

பரமட்டா ரோட்டிலிருந்து கிளீப் பக்கம் திரும்பியபோதே கண் கூசியது. நான் வெயில்மறைப்பை இறக்கினேன். அந்த வீட்டின் முன்சுவர் முழுவதும் பித்தளை. கூரையிலிருந்து படிவரை சின்னச் சின்னப் பித்தளைப் பலகைகள், ஒவ்வொன்றிலும் 'மகேந்திரராஜா அவர்களின் பெருங்கொடை' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. மேலே வந்த விமானமொன்று பளிச்சென்று வெளிச்சம் பட்டு ஒரு பக்கம் சரிந்து போனது. கொக்கட்டூக் கிளிகள் வரிசையாக இருந்து பலகைகளில் முகம் பார்த்தன. அதில் ஒன்று, அங்கே கேட்டுப் பழகியது போல, "மஹேண்ட்ரா! மஹேண்ட்ரா!" என்று கத்தியது.

"என்ன அண்ணை, கோயில் உபயம்போல எல்லோ இருக்கு" என்றார் மகேந்திரராஜா.

சிவாஜினி கார்க் கண்ணாடியை இறக்கினாள். பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

உள்ளே தலைவி ஓடிவந்தாள். இமொஜன் என்று பெயர், நல்ல பிள்ளை. மகேந்திரராஜாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவரால்தான் மேல்மாடிக் குளியலறைக்கு வெந்நீர் வந்தது என்றாள். எங்களை மேடைக்குப் பக்கத்து மேசையில் இருத்தினாள். மற்ற மேசைகளில் வெள்ளைச் சட்டைப் பெண்கள் தோளோடு தோள் இடித்துச் சாப்பிட்டார்கள். எங்கள் மேசையில் சிவாஜினி தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்தாள். வீட்டில் இருப்பது போலவே.

பெயர் வாசித்தார்கள். முடித்துவிட்டார்கள். சிவாஜினி எழுந்து போய், மெழுகுதிரி வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, மிக அன்பாக, விருந்தினர் மேசை அந்தப் பக்கம் என்று காட்டினாள்.

இமொஜன் வந்து விளக்கினாள். குடும்பத்தின் நன்கொடைகளுக்கு அவர்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் சிவாஜினி சந்தா கட்டவில்லை. ஒருமுறைகூடக் கட்டவில்லை. நன்கொடையைச் சந்தாவாக மாற்ற விதியில் இடமில்லை.

சிவாஜினி தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் எவ்வளவு போட்டனீங்கள்?"

"ஐந்நூற்றொண்டு, பிள்ளை."

"ஏன் ஒண்டு?"

"சைபரில முடிக்கப்படாதெல்லோ."

"ஒவ்வொருக்காவுமோ?"

"ஓம் குஞ்சு. ஒருக்காலும் மறக்கேல்லை."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார்.

இமொஜனுக்கும் கண் கலங்கிவிட்டது. சேர்க்கை இன்னும் மூடவில்லை, இப்போதே சரியாக ஐந்நூறு போட்டால் இவள் பெயரையும் வாசிக்கலாம் என்றாள். மெழுகுதிரிகளோடு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகேந்திரராஜா ஃபோனை எடுத்து ஐந்து, சைபர், சைபர் என்று தட்டினார். பெருவிரல் திரைக்கு மேலே நின்றது.

"போடுங்கோ அப்பா" என்றாள் சிவாஜினி. "ப்ளீஸ்."

"போடுறன், போடுறன்."

விரல் கடைசிச் சைபரை அழித்து, மறுபடி தட்டி, மறுபடி அழித்தது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

"அண்ணை" என்று என் பக்கம் குனிந்தார். "சைபரில முடிஞ்சா, நாளைக்கே இதுகள் பிள்ளையைக் கழட்டி விட்டிடுங்கள். பிறகு அவளுக்கு ஆர் இருக்கினம்?"

"இப்ப மட்டும் ஆர் இருக்கினம்? அமத்தும்" என்றேன் நான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். இமொஜன் தன் ஃபோனைப் பார்த்தாள். கடைசி இலக்கத்தை மறுபடி பார்த்தாள். பிறகு மெதுவாக, "உங்கள் தாராள மனதுக்கு மறுபடியும் நன்றி" என்றாள்.

கைதட்டல் எழுந்தது. அவரை மேடைக்குக் கூட்டிப்போய்ப் புதுப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சந்திரவதனா எழுந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவாஜினி ஜிலேபிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. விருந்தினர் எப்போதும் போகலாம்.

தெருவில் அவளைப் பிடித்தேன்.

"அங்கிள், என்னை வீட்டை கொண்டுபோய் விடுங்கோ."

வழியில் எங்கேயோ ஒரு மர நிழலில் காரை நிறுத்தினேன். அவள் மடியில் பெட்டியைத் திறந்தாள். எனக்கு ஒன்று தந்து, தானும் ஒன்று எடுத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

"இனிப்பு காணாது" என்றேன்.

"உங்களுக்குச் சுகர் அங்கிள். இனிப்புத் தெரியாது."

"நாக்குக்குச் சுகர் இல்லைப் பிள்ளை."

அவள் கொஞ்சம் சிரித்தாள். "காரும் லிஃப்ட் மாதிரித்தான் இருக்கு. இதில ஆள் கதைக்குது, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை அவள் மறுபடி நூலக லிஃப்டுக்குத்தான் போனாள். இப்போதும் அங்கேதான் சாப்பிடுகிறாள். புதுப் பலகை மேல்வீட்டுச் சாமித்தட்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை தனியாக வீடு வரவில்லை, தனியாகச் சாப்பிடவும் இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. அதற்கு நானே சாட்சி, காரை ஓட்டி வந்தவன் நான்தான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.