கூம் விற்ற ஜீப்

எங்கள் ஊரில் நம் கூம் நமக்கு விற்கிற வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் அவன் முகத்தில் துப்பியதற்குச் சமம். கூம் என்றால் கல்யாணத்தில் நம் பக்கத்தில் சாட்சியாக நின்றவன், பிறக்கிற பிள்ளையை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தப் போகிறவன், அவனைச் சந்தேகப்படுவதா? போன இலையுதிர்காலத்தில் என் கூம் விதாக் தன் பழைய ஜீப்பை எனக்கு விற்றபோது நான் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அவனுக்குப் பிளம் சாராயம் ஊற்றினேன்.

அன்றைக்கு அவன் ஒரு பரிசும் கொண்டுவந்தான். குழந்தை இருக்கை. என் மகள் அப்போதுதான் பிறந்திருந்தாள். அவனே பின்சீட்டில் ஏறி, வாரை இழுத்து இழுத்துப் பார்த்து இறுக்கிக் கட்டினான். "இனிமே பாப்பா மகாராணி மாதிரி போவா பாரு" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் கால்நடை மருத்துவரின் உதவியாள். மலைமேல் மேய்ச்சல் குடிசைகளுக்குப் போய் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் ஊசி போடுவது என் வேலை. கணவன் சீசன் முழுக்கக் கடலோர ஓட்டலில் அடுப்படியில் நிற்கிறான். அதனால் நான் போகிற இடமெல்லாம் பிள்ளையும் வருவாள், பின்சீட்டில், அந்த இருக்கையில்.

போன வாரம் தாரா ஆற்றுக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. முழு உடம்பையும் போட்டுத் திருப்பினேன். முன்சக்கரம் விளிம்பை ஒட்டி நின்றது. கீழே, அதலபாதாளத்தில் ஆறு. பின்னால் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் பார்த்தேன். பவர் ஸ்டியரிங் ஆயில் வழி நெடுக ஒழுகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்குள் வண்டி ஓட வேண்டும் என்று சனிக்கிழமை காலையில் முற்றத்தில் படுத்து வேலையைத் தொடங்கினேன். மாட்டுக்குள் முழங்கை வரை கை விடுகிறவளுக்கு ஸ்டியரிங் பெட்டி என்ன பெரிய விஷயம்? ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் மிச்சமிருந்ததைப் பாத்திரத்தில் வடித்தேன். நல்ல ஆயில் மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். இது கலங்கிய பழுப்பு. அடியில் ஒட்டாமல் இன்னொன்று தனியாகத் தங்கியிருந்தது. அந்த அடிமண்டியில் கொஞ்சம் முன்பக்க மட்கார்டில் சிந்தியது. பிள்ளை அழுதாள், துடைக்காமல் உள்ளே ஓடினேன். பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது சிந்திய இடத்தில் பெயிண்ட் சுருங்கிப் புடைத்திருந்தது.

பெயிண்டைத் தின்கிற ஆயில் வண்டியில் ஒன்றுதான். பிரேக் ஆயில். அதற்கு ஸ்டியரிங்கில் என்ன வேலை?

அதற்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். சொன்னவனே விதாக்தான். எங்கள் குலப் புனிதர் திருநாள் விருந்தில், யாரோ ஒரு வெளியூர்க்காரனை ஏமாற்றிய கதையை மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னான். "ஒழுகுற ஸ்டியரிங்ல கொஞ்சம் பிரேக் ஆயில ஊத்திவிடு. ரப்பர் ஊதிப் பெருத்து ஓட்டைய அடைச்சுக்கும். அப்புறம் கூழாப் போகும். அதுக்குள்ள வண்டி கைமாறிடும்ல." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஸ்டியரிங் பெட்டியின் பழைய ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தேன். பாலில் ஊறிய ரொட்டி போல விரலில் நசுங்கியது. பாவி, என் வீட்டில் கை நனைத்தவன், நம்ப வைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறான்.

மதியம் விதாக் வந்தான். விருந்துக்குத் தோளில் உப்புக் கண்டம் போட்ட பன்றித் தொடை, வாயெல்லாம் பல்.

"என்ன சென்கா, மாட்டை விட்டுட்டு இப்ப ஜீப்புக்குப் பிரசவம் பாக்குறியா?"

"வா கூமே. இத கொஞ்சம் மோந்து பாரு." ஆயில் பாத்திரத்தை நீட்டினேன்.

அவன் மோந்து பார்க்கவில்லை. மட்கார்டைத்தான் பார்த்தான்.

"பழைய வண்டி. ரப்பருக்கு வயசாகத்தானே செய்யும். நமக்கு ஆகலையா?"

"வயசான ரப்பர் காஞ்சு வெடிக்கும். இது கூழாக் கெடக்கு. பாப்பா சீட்டைக் கட்டினியே, அப்ப ஊத்தியாச்சா? இல்ல அதுக்கப்புறம் ஊத்தினியா?"

பன்றித் தொடையை இறக்கித் திண்டில் வைத்தான். "முந்தின நாளே" என்றான். பிறகு அவசரமாக, "நானே வந்து மாத்திக் குடுக்கலாம்னுதான் இருந்தேன், சென்கா. அந்தக் கதைக்கு நீயும்தானே சிரிச்ச?"

"சிரிச்சேன். அது எவனோ ஒருத்தன்னு நெனச்சு."

எங்கள் வழக்கத்தில் கூமை நாமாக மாற்ற முடியாது. அவனே வாய் திறந்து, விலகிக்கொள்கிறேன் என்று விடை கொடுத்தால்தான் பிள்ளையை வேறொருவர் ஏந்தலாம். அதைக் கேட்பது அவனை உயிரோடு புதைப்பது மாதிரி. எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"விடை குடு, விதாக். நாளைக்கு அவள வேற கை ஏந்தட்டும்."

கத்துவான் என்று நினைத்தேன். அழுவான், காலில் விழுவான், தலைமுறை தலைமுறையாக வந்த உறவைப் பேசுவான் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் ஒருவேளை மனம் இளகியிருப்பேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"சரி. குடுத்தேன். ஒன்னே ஒன்னு. காரணத்த ஊர்ல சொல்லிடாத. இன்னொரு வண்டி விக்க வெச்சிருக்கேன்."

பின்கதவைத் திறந்து, அவன் கட்டிய வாரை அவிழ்த்து, பிள்ளையின் இருக்கையை அவனிடம் நீட்டினேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். பன்றித் தொடையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.